இடது பக்கம் சொட்டும் எண்ணெய்: பழைய புல்லட்டும் அதன் பிரைமரி செயினும்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் வீட்டில் 1987 மாடல் புல்லட் 350 இருக்கிறது. அப்பா வாங்கி ஓட்டிய வண்டி. சில வருடங்கள் சும்மா நின்றிருந்ததை இப்போது நான் எடுத்து ஓட்டுகிறேன். இடது பக்கம் கிளட்ச் கவருக்கு அடியில் எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு மெக்கானிக் கவர் ரப்பரை மாற்றி, நடு நட்டை நன்றாக இறுக்கிக் கொடுத்தார். இன்னொருவர் கவரைச் சுற்றிலும் பேஸ்ட் அப்பினார். எதற்கும் நிற்கவில்லை. மூன்றாவதாக ஒருவர், “உள்ளே எண்ணெயே ஊற்றாதே, செயினுக்கு கிரீஸ் தடவி மூடிவிடு, சொட்டவே சொட்டாது” என்கிறார். இதற்கிடையில் குறைந்துபோன எண்ணெயை ஈடுகட்ட, காருக்கு வாங்கி மிச்சமிருந்த எஞ்சின் ஆயிலை ஊற்றினேன். அப்புறம் மேடு ஏறும்போது கிளட்ச் வழுக்குகிறது. ஐடிலில் இடது பக்கம் கரகரவென்று ஒரு சத்தமும் கேட்கிறது. பழைய புல்லட் என்றால் ஒழுகத்தான் செய்யும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படியே விட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், மணப்பாறை

பதில்: தம்பி, மூன்றாவது ஆள் சொன்னதை மட்டும் கேட்காதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். எண்ணெய் இல்லாமல் அந்தச் செயினை ஓட்டினால் சரிசெய்ய ஒன்றும் மிஞ்சாது.

பிரைமரி செயின் பின்சக்கரச் செயினைப் போல மெதுவாகச் சுற்றுவது இல்லை. எஞ்சினின் கிரான்க் முனையில் இருக்கும் சின்ன ஸ்பிராக்கெட்டிலிருந்து கிளட்ச் டிரம்முக்குப் போகிற செயின் அது. எஞ்சின் வேகம் முழுவதையும் அப்படியே வாங்குகிறது. அதன் மேல் தடவிய கிரீஸ் சில நிமிடத்தில் வீசியெறியப்பட்டு கவரின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். செயின் தேய்கிற இடம் வெளிப்பக்கம் இல்லை, ஒவ்வொரு இணைப்புக்குள்ளும் இருக்கிற பின்னும் புஷ்ஷும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடுக்குக்குள் மெல்லிய எண்ணெய்தான் நுழையும். செயினின் கீழ்ப்பகுதி எண்ணெயில் தோய்ந்து, மேலே வாரிக்கொண்டு போய், போகிற வழியெல்லாம் தெளித்துக்கொண்டே போக வேண்டும். கிளட்ச் பிளேட்டுகளின் சூட்டையும் அதே கவருக்குள் இருக்கிற, மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்நேட்டரின் சூட்டையும் அந்த எண்ணெய்தான் எடுக்கிறது. அளவு அரை லிட்டருக்கும் குறைவு. அதனால் நாளுக்கு நாலு சொட்டு போனாலும் சில வாரத்தில் செயினுக்கு எட்டாத அளவுக்கு இறங்கிவிடும். உங்கள் கரகர சத்தத்துக்கு இது ஒரு காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

ஒழுகத்தான் செய்யும் என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்வதில்லை. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அதன்பின் திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் வார்க்கப்பட்டது அடிப்படையில் ஒரே எஞ்சின்தான். எண்ணெய் எங்கே தேங்கும், எந்த வழியாகத் தப்பிக்கும் என்பதெல்லாம் அத்தனை வருடத்தில் நன்றாகத் தெரிந்துபோன விஷயம். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு, எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடுகிற பிரீதர் குழாய் முனையில் ஒரு சின்ன ஈரம் இருந்தால் பரவாயில்லை. தரையில் சொட்டு விழுந்தால் அதற்கு ஒரு காரணம் உண்டு, அதைக் கண்டுபிடித்து நிறுத்த முடியும்.

உங்கள் வண்டியில் இதுவரை நடந்த தப்பு ஒன்றே ஒன்று: எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல், எங்கே சொட்டுகிறதோ அங்கே அடைத்திருக்கிறார்கள்.

இந்த எஞ்சினில் மூன்று தனித்தனி அறைகள். எஞ்சினுக்கு ஒரு எண்ணெய், பிரைமரிக்கு ஒரு எண்ணெய், ஆல்பியன் வகை நாலு கியர் பெட்டிக்குத் தனியாக ஒன்று. பின்னால் வந்த, எஞ்சினும் கியர் பெட்டியும் ஒன்றாகவே அமைந்த யூனிட் எஞ்சின் புல்லட்டில் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். உங்கள் வண்டியில் அப்படிக் கிடையாது. கியர் பெட்டியின் ஸ்பிராக்கெட் கிளட்ச்சுக்குப் பின்னால், அதே இடது பக்கம்தான் இருக்கிறது. பின்சக்கரச் செயினும் அங்கேதான் ஓடுகிறது. ஆகவே கியர் பெட்டி சீல் விட்டாலும், செயினுக்குப் போட்ட எண்ணெய் தெறித்தாலும், பிரைமரி விட்டாலும், எஞ்சினின் மேலிருந்து வழிந்தாலும் கடைசியில் எல்லாம் ஒரே மூலையில் வந்து சொட்டும். ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகும் என்பதால், சொட்டுகிற இடத்துக்கு மேலும் முன்னும் பார்ப்பதுதான் வழக்கம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்யுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து இடது பக்கம் முழுவதையும் கழுவுங்கள். கவரின் விளிம்பு, கவருக்குப் பின்னால், கியர் பெட்டியின் முதுகு, சிலிண்டரின் அடி, ஒன்றையும் விடாதீர்கள். பனியன் வேஸ்டால் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு முகத்துக்குப் போடுகிற பவுடரை மெலிதாகத் தூவுங்கள். பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் முதலில் எட்டிப் பார்க்கிற இடத்தில் பவுடர் நனைந்து கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டின் மேல்முனைதான் நமக்கு வேண்டியது.

அதற்கு முன்னால் இன்னொரு வேலை செய்தால் சந்தேகமே இருக்காது. பிரைமரியில் இருக்கும் கார் ஆயிலை வடித்துவிட்டு ஏடிஎஃப் ஊற்றுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கும் பவர் ஸ்டியரிங்குக்கும் ஊற்றுகிற எண்ணெய் அது, நிறம் சிவப்பு. பழைய புல்லட்டின் பிரைமரிக்கு அதை ஊற்றி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். கிளட்ச்சுக்கும் கெடுதல் இல்லை. இரவு வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து, சக்கரம் நிற்கிற இடத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். காலையில் அட்டையில் சிவப்புச் சொட்டு இருந்தால் பிரைமரி. கறுப்பாக இருந்தால் எஞ்சின். கெட்டியாகப் பிசின் மாதிரி இருந்தால் கியர் பெட்டி. அதற்குள் கிரீஸ் கலந்துதான் போடுவார்கள். கிளட்ச் தூள் கலந்து ஏடிஎஃப்பும் கொஞ்ச நாளில் கறுத்துவிடும், எனவே முதல் இரண்டு மூன்று நாளிலேயே பார்த்துவிட வேண்டும்.

சிவப்புச் சொட்டுதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கவர் ரப்பரை உடனே குறை சொல்லாதீர்கள். சில வருடங்கள் நின்ற வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு முதலில் சந்தேகம் வருவது அங்கேதான்.

புல்லட் எஞ்சினின் ஆயில் டேங்க் தனியாகத் தொங்குவது இல்லை. கிரான்க் கேஸோடு சேர்த்தே வார்த்த அறை அது. அங்கிருந்து பம்ப் எண்ணெயை எஞ்சினுக்கு அனுப்புகிறது, இன்னொரு பம்ப் கீழே விழுந்ததைத் திரும்ப வாரிக்கொண்டு வருகிறது. வண்டி மாதக் கணக்கில் நின்றால், டேங்கில் இருக்கிற எண்ணெய் பம்பின் தேய்ந்த முகம் வழியாக மெல்ல மெல்லக் கிரான்க் அறைக்குள் இறங்கிவிடும். அந்த நிலையில் கிக்கரை மிதித்து ஸ்டார்ட் செய்தால் ஃபிளைவீல் அத்தனை எண்ணெயையும் கடைந்து, அது பிரீதர் வழியாகவும் இடது பக்கக் கிரான்க் சீல் வழியாகவும் பிதுங்கும். சீல் வழியாக வந்த எண்ணெய் பிரைமரியில் போய் நிறையும். நிறைந்தது எங்கேயாவது வெளியே போய்த்தானே ஆக வேண்டும்? கிளட்ச்சுக்குப் பின்னால் கியர் பெட்டியின் மெயின் ஷாஃப்ட் நுழைகிற துளையிலும், கவரின் விளிம்பிலும் சொட்டும். நீங்கள் எத்தனை ரப்பர் மாற்றினாலும் இது நிற்காது.

இதைக் கண்டுபிடிக்க, எண்ணெய் எந்த மட்டம் வரை இருக்க வேண்டும் என்று காட்டுகிற லெவல் ஸ்குரூ போதும். சரியான அளவுக்கு ஊற்றி, நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு இரவு முழுவதும் விடுங்கள். காலையில் பிரைமரி கவரின் கீழ்ப்பக்கம் உள்ள லெவல் ஸ்குரூவைக் கழற்றுங்கள். ஒன்றும் வராவிட்டாலும் ஒரு சின்ன சொட்டு வந்தாலும் சரி. குபுகுபுவென்று வந்தால், நீங்கள் ஊற்றாத எண்ணெய் உள்ளே வந்திருக்கிறது என்று அர்த்தம். அதை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள், எரிந்த எஞ்சின் ஆயில் வாசம் தனியாகத் தெரியும்.

சீல் போயிருக்கிறது என்று தெரிந்தாலும் சீலை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். பிரீதரைப் பார்க்க வேண்டும். இந்த 350 எஞ்சினின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ.; ஆக 346 சி.சி. பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் அதே 346 சி.சி. காற்றைக் கிரான்க் அறைக்குள் தள்ளுகிறது. 3000 ஆர்பிஎம்மில் இது ஒரு வினாடிக்கு 50 முறை நடக்கிறது. அந்தக் காற்று வெளியேற ஒரு குழாய், அதன் முனையில் டக் பில் என்று சொல்கிற ஒரு ரப்பர் வால்வு. காற்றை வெளியே விடும், திரும்ப உள்ளே விடாது. அந்த ரப்பர் காய்ந்து கல்லாகிவிட்டால், அல்லது குழாய் மடங்கி அடைத்துக்கொண்டால், எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறும். பேக்கிங், சீல், டேப்பட் மூடி என்று எது பலவீனமோ அதைப் பிளந்துகொண்டு எண்ணெய் வரும். என் அனுபவத்தில், எங்கெங்கோ ஒழுகுகிற பழைய புல்லட்டில் பாதிக்கு மேல் பிரீதரைச் சரிசெய்தாலே கசிவு பாதியாகக் குறைந்துவிடும். வால்வைக் கழற்றி வாயால் ஊதுங்கள். ஒரு பக்கம் எளிதாகப் போக வேண்டும், மறுபக்கம் உறிஞ்சினால் உதடு மூடிக்கொள்ள வேண்டும். விலை அதிகமில்லை, சந்தேகமாக இருந்தால் புதிதே போடுங்கள். புது வால்வு போட்ட பிறகும் குழாய் முனையில் சூடான புகை பொங்கிக்கொண்டு வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, அது வேறு வேலை.

கிரான்க் அறையில் தேங்கியிருக்கிறதா என்பதையும் ஒரு தடவை பாருங்கள். எஞ்சினின் அடியில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிகால் போல்ட்டுகள் உண்டு. எது டேங்குக்கு, எது கிரான்க் அறைக்கு என்று மேனுவலைப் பார்த்துக்கொண்டு, ஒரு வாரம் நின்ற பிறகு கிரான்க் அறையை வடியுங்கள். ஒரு டம்ளருக்கு மேல் வந்தால் பம்ப் முகத்தைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். அதுவரை நீண்ட நாள் நின்ற வண்டியை வடிக்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

சரி, இப்போது கவரைத் திறக்கலாம். இடது ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் கழற்றினால்தான் கவர் வெளியே வரும். அடியில் அகலமான தட்டு வையுங்கள், எண்ணெய் மொத்தமும் கொட்டும். நடு நட்டைக் கழற்றிவிட்டுக் கவரை மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி எடுங்கள். வரவில்லை என்று இணைப்புக்குள் ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதுவே புது ஓட்டை.

முழுக் கவரையும் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரே ஒரு நட்டுதான். முதல் மெக்கானிக் அதை “நன்றாக இறுக்கினார்” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கவலையாகிவிட்டது. எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து நடுவில் ஓங்கி அழுத்தினால் விளிம்பு தூக்கிக்கொள்வது மாதிரி, இந்த மெல்லிய அலுமினியக் கவரும் நடு நட்டை மேலும் மேலும் இறுக்கும்போது நடுவில் உள்வாங்கி ஓரத்தில் வளையும். ஒழுகுகிறதே என்று இறுக்க, இறுக்க இறுக்க இன்னும் ஒழுகும். கழற்றிய கவரை ஒரு தடித்த கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். ஆடுகிறதா? விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் எங்கெங்கே நுழைகிறது? ரப்பர் வளையம் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். ஒரு மி.மீட்டரை நெருங்கினால் தாங்காது. வளைந்த கவரை நிமிர்த்தத் தெரிந்த லேத்காரர் இருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் நல்ல பழைய கவராகத் தேடிப் போடுவது மேல்.

பேஸ்டை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். மூங்கில் சீவலோ மரக்குச்சியோ போதும், கத்தி வேண்டாம். ரப்பர் உட்காரும் இடத்தில் ஒரு துணுக்கு பேஸ்ட் மிச்சமிருந்தாலும் ரப்பர் அங்கே தூக்கிக்கொண்டு நிற்கும். ரப்பர் உட்காருகிற இணைப்பில் பேஸ்ட் எதற்கு? ஏற்கெனவே ரப்பர் இருக்கிறதே. காகித பேக்கிங் வருகிற இடத்தில் பேஸ்ட் போடலாம், அதுவும் விரல்நுனியால் படலம் மாதிரி. பிதுங்குகிற அளவுக்குப் போட்டால் வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கும். பிரைமரிக்குள் அது ஓரமாகக் கிடந்துவிட்டுப் போகும். அதே பழக்கத்தோடு வலது பக்க டைமிங் கவரைத் திறந்து அங்கேயும் அப்பினால், பிய்ந்த துண்டு கிரான்க்குக்கு எண்ணெய் போகிற மெல்லிய துளையை அடைத்துவிடும். கனெக்டிங் ராட் கிரான்க்கோடு சேர்கிற இடத்தில் இருக்கும் பிக் எண்ட் பேரிங் எண்ணெய் கிடைக்காமல் எரிந்துபோகும். சொட்டு எண்ணெயை மிச்சப்படுத்தப் போய் எஞ்சினையே இழக்கிற வேலை அது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நடு நட்டுக்கு அடியில் இருக்கிற வாஷரும் அடிக்கடி மறந்துபோகிற இடம். அது நைந்திருந்தால் எண்ணெய் நட்டின் அடியிலிருந்து கவரின் முகத்தில் வழிந்து கீழ் விளிம்பில் சேரும்; பார்க்கிறவர்கள் விளிம்பு ஒழுகுகிறது என்பார்கள். அப்புறம் ஆல்டர்நேட்டர் ஒயர். கவரின் உள்பாதி வழியாக ஒரு ரப்பர் குரோமெட்டில் அது வெளியே வருகிறது. குரோமெட் தளர்ந்திருந்தால் அதைச் சுற்றியும், சில சமயம் ஒயரின் மேலுறைக்குள்ளேயே புகுந்தும் எண்ணெய் ஊர்ந்து வரும். கை வைத்து ஒயரைத் தடவிப் பாருங்கள், கவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக்கூட ஈரமாக இருக்கும். இங்கேதான் ஒரு துளி சிலிகான் பேஸ்ட் உண்மையிலேயே உபயோகப்படும். உள்பாதியை எஞ்சினோடு பிடிக்கிற ஸ்குரூக்களையும் அவற்றுக்கு நடுவே இருக்கிற காகித பேக்கிங்கையும் பார்க்கலாம், ஆனால் அதற்குக் கிளட்ச்சைக் கழற்ற வேண்டும்.

இனி செயின். கவர் திறந்திருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் அட்ஜஸ்டர் உள்ளேதான் இருக்கிறது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் போட்டு, சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் எஞ்சினும் சேர்ந்து மெதுவாகச் சுற்றும். ஒவ்வொரு தடவையும் கால் சுற்று சுற்றி, இரண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவில் மேல் வரிச் செயினை விரலால் தூக்கியும் அமுக்கியும் பாருங்கள். எந்தப் பழைய செயினும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது, ஒரு இடத்தில் தொளதொளவென்று இருக்கும், இன்னொரு இடத்தில் விறைப்பாக இருக்கும். அளவு எடுக்க வேண்டியது விறைப்பான இடத்தில். அங்கே மேலும் கீழுமாக மொத்தம் 6 மி.மீ., அதாவது கால் அங்குலம் ஆட வேண்டும். தொளதொளப்பான இடத்தில் 6 மி.மீ. வைத்துவிட்டால், விறைப்பான இடம் வரும்போது செயின் கிரான்க் பேரிங்கையும் கியர் பெட்டி ஷாஃப்டையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கும். சத்தம் நின்றுவிட்டது என்று சந்தோஷமாக ஓட்டுவீர்கள், பேரிங் உள்ளே அழிந்துகொண்டிருக்கும். கொஞ்சம் லூசாக இருக்கிற பிரைமரி செயின் சத்தம்தான் போடும். டைட்டாக இருப்பது எஞ்சினைத் தின்னும்.

புல்லட்டில் கியர் பெட்டியை எஞ்சினின் முதுகோடு சேர்த்து போல்ட் போட்டிருக்கிறார்கள். அதனால் இரண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவிலான தூரம் மாறாது. செயினுக்குக் கீழே வளைந்த ஒரு சறுக்குப் பட்டை இருக்கும். அதை மேலே தள்ளுகிற போல்ட்டின் லாக் நட்டைத் தளர்த்தி, அளவு வைத்து, திரும்ப லாக் செய்ய வேண்டும். லாக் செய்த பிறகு மறுபடி ஒரு சுற்று அளந்து பாருங்கள், இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும். பட்டையில் செயின் ஆழமாகப் பள்ளம் வெட்டியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அட்ஜஸ்டர் கடைசி வரை போய்விட்டது, இன்னும் செயின் லூஸ் என்றால் அந்தச் செயினின் காலம் முடிந்துவிட்டது. அது இணைப்புக் கண்ணி இல்லாத முழுவளையச் செயின். எஞ்சின் ஸ்பிராக்கெட், கிளட்ச், செயின் மூன்றையும் ஒன்றாக இழுத்துத்தான் எடுக்க முடியும், அதற்குப் புல்லர் என்கிற இழுக்கும் கருவி வேண்டும். இந்த வேலையை மட்டும் அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுங்கள்.

செயினை நன்றாக உற்றுப் பாருங்கள். கண்ணிகளின் பக்கத் தகடுகளுக்கு நடுவே செம்பழுப்பு நிறத்தில் பொடி கசிந்து உலர்ந்திருக்கிறதா? விரலில் தேய்த்தால் நைசாக ஒட்டுகிறதா? பின்னும் புஷ்ஷும் எண்ணெய் இல்லாமல் ஒன்றையொன்று அரைத்து, அந்த இரும்புத் தூள் துருப்பிடித்து வெளியே வந்த அடையாளம் அது. இதைப் பார்த்துவிட்டால் புது எண்ணெய் ஊற்றினாலும் அந்தச் செயினை நீண்ட நாள் நம்ப முடியாது. கண்ணிகள் சுத்தமாகப் பளபளவென்று எண்ணெய் ஈரத்தோடு இருந்தால் கவலை வேண்டாம், அளவு வைத்து மூடிவிடலாம். புதுச் செயின் போடுவதாக இருந்தால், மாட்டுவதற்கு முன் ஒரு இரவு எண்ணெயில் ஊறவிட்டு எடுத்து மாட்டுங்கள்.

உங்கள் கரகர சத்தத்துக்குச் செயின் மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். கிரான்க் முனையில் இருக்கிற ஆல்டர்நேட்டர் ரோட்டரின் நட்டு தளர்ந்தாலும் இதே சத்தம் வரும். ரோட்டரைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், அது மட்டும் தனியாக ஆடக்கூடாது. சுற்றுகிற ரோட்டருக்கும் அதைச் சுற்றி அசையாமல் நிற்கிற ஸ்டேட்டருக்கும் நடுவே சுற்றிலும் ஏறக்குறைய 0.2 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ஃபீலர் கேஜை எல்லாப் பக்கமும் விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் நுழையாமல் அங்கே பளபளவென்று தேய்ந்த தடம் தெரிந்தால் ஸ்டேட்டரை நகர்த்தி உட்கார வைக்க வேண்டும். எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது கிளட்ச் லீவரை அமுக்கினால் சத்தம் மாறுகிறதா என்றும் கவனியுங்கள். மாறினால் கிளட்ச் டிரம்மின் பேரிங் பக்கம் பார்க்க வேண்டும்.

கிளட்ச் வழுக்குவதற்கு நீங்கள் ஊற்றிய கார் ஆயில்தான் பெரும்பாலும் காரணம். இப்போது வருகிற கார் எஞ்சின் ஆயிலில் உராய்வைக் குறைக்கிற மருந்து கலந்திருக்கிறார்கள், கார் எஞ்சினுக்கு அது நல்லது. எண்ணெயில் மூழ்கிய கிளட்ச்சோ உராய்வை நம்பித்தான் பிடிக்கிறது. பிளேட்டுகளைக் கழற்றி, வீட்டுக்கு வெளியே, அடுப்பு பீடி எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் பெட்ரோலில் கழுவிக் காயவையுங்கள். இரும்பு பிளேட்டுகள் கண்ணாடி மாதிரி மினுங்கினால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பு கொண்டுவாருங்கள். மாட்டிய பிறகு லீவரில் இரண்டு மூன்று மி.மீ. ஃப்ரீ பிளே, அதாவது கேபிளை இழுக்காமல் சும்மா ஆடுகிற இடம், இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் விறைத்துக்கொண்டு இருந்தாலும் கிளட்ச் வழுக்கும்.

அப்புறம் எந்த எண்ணெய் ஊற்றுவது? கசிவைக் கண்டுபிடிக்கும் வரை ஏடிஎஃப். அதற்குப் பிறகும் அதையே தொடரலாம். இல்லையென்றால் டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (எண்ணெயில் மூழ்கிய கிளட்ச்சுக்கு ஏற்றது என்கிற தரக் குறி) என்று போட்டிருக்கிற மோட்டார் சைக்கிள் ஆயில், 20டபிள்யூ-50. நம் ஊர் வெயிலுக்கு இரண்டும் ஒத்துப்போகும். காலையில் முதல் கியர் போடும்போது வண்டி முன்னால் துள்ளுகிறது, கிளட்ச் பிரியவில்லை என்றால் மெல்லிய ஏடிஎஃப்தான் மேல். கசிவை நிறுத்துகிறேன் என்று கெட்டியான கியர் ஆயிலை ஊற்றாதீர்கள். பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கண்ணிகளின் இடுக்குக்குள்ளும் அது போகாது. மாலிப்டினம், கிராஃபைட் கலந்த எந்த அடிட்டிவும் இந்த அறைக்குள் வரக்கூடாது.

மூடும்போது ரப்பர் வளையம் சுற்றிலும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு முழுச் சுற்று தடவிப் பாருங்கள். ரப்பர் எண்ணெய் தாங்குகிற தரமாக இருக்க வேண்டும். மலிவான சிலவற்றில் சில மாதத்திலேயே ரப்பர் ஊதி நீண்டு, பள்ளத்தை விட்டு எழும்பிவிடும். நடு நட்டை ரப்பர் கடிக்கும் வரை இறுக்கி, அதற்கு மேல் ஒரு சின்னத் திருப்பு, போதும். ஸ்பேனரின் நுனியைப் பிடித்துத் தொங்க வேண்டாம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, லெவல் ஸ்குரூவைக் கழற்றிவிட்டு, மேல் மூடி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். லெவல் துளையில் எண்ணெய் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள். மிச்சம் வடிந்த பிறகு ஸ்குரூவை அதன் வாஷரோடு போடுங்கள். சைடு ஸ்டாண்டில் வைத்து ஊற்றினால் அளவு தப்பிவிடும். கூட இருக்கட்டும் என்று ஊற்றுகிற ஒவ்வொரு சொட்டும் தரைக்குத்தான் வரும்.

பவுடர் சோதனையில் கோடு மேலிருந்து வந்திருந்தால் பிரைமரியைத் தொடவே வேண்டாம். ராக்கர் பெட்டிக்குப் போகிற எண்ணெய்க் குழாயின் முனையைப் பிடிக்கிற, நடுவில் துளையுள்ள பான்ஜோ போல்ட்டைப் பாருங்கள். அங்கே இருக்கிற செம்பு வாஷர்கள் ஒருமுறை இறுக்கியதும் கெட்டியாகிவிடும். புதிது கிடைக்காவிட்டால் இருப்பதையே சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகும். வலது பக்க டேப்பட் மூடியிலும் ஒரே நட்டுதான், அதையும் இறுக்கி வளைத்திருப்பார்கள். கண்ணாடி மேல் உப்புத்தாள் விரித்து மூடியை எட்டு எழுதுகிற மாதிரி தேய்த்தால் சமமாகிவிடும்.

இதே பக்கத்தைப் படிக்கிற பழைய பிஎஸ்ஏ, டிரையம்ஃப், மேட்ச்லெஸ் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கியர் பெட்டி தனியாக இருக்கிற அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலானவற்றில் சறுக்குப் பட்டை கிடையாது. கியர் பெட்டியையே பின்னுக்கு நகர்த்தித்தான் பிரைமரி செயினை டைட் செய்ய வேண்டும். நகர்த்தினால் பின்சக்கரச் செயின் லூசாகும். பிரைமரி முடிந்த பிறகு அதையும் மறக்காமல் சரிசெய்யுங்கள். விறைப்பான இடத்தில் அளக்க வேண்டும் என்பது அங்கேயும் அப்படியேதான்.

தம்பி, எல்லாம் முடிந்து ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் லெவல் ஸ்குரூவை ஒரு தடவை திறந்து பாருங்கள். அதன் பிறகு மாதம் ஒரு முறை போதும். இடது பக்கம் சொட்டுகிற எண்ணெய் பின் டயரில் பட வாய்ப்பு உண்டு, அதனால் வேலை முடிகிற வரை ஒவ்வொரு முறை கிளம்புவதற்கு முன்னும் டயரின் பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு எடுங்கள். அட்டையில் விழுந்த சொட்டு என்ன நிறம், லெவல் ஸ்குரூவில் எவ்வளவு வந்தது, கண்ணிகளில் அந்தச் செம்பழுப்புப் பொடி இருந்ததா, இந்த மூன்றையும் எனக்கு எழுதுங்கள். கிரான்க் சீல் மாற்ற வேண்டியிருந்தால், புல்லர் போட்டுக் கழற்றுவதிலிருந்து அந்த வேலை முழுவதையும் அடுத்த பதிலில் எழுதுகிறேன்.